நீக்கப்பட்ட இரண்டு வரிகள்

ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்த பழங்கால எழுத்தர்களால் நம் நூல்களுக்கு நேர்ந்த கேடு இருவகைப்படும். ஒன்று அயர்ச்சியால் நேர்ந்தது. கண் சோர்ந்து ஓர் எழுத்தை விட்டிருப்பர். ஓர் அடியை இருமுறை எழுதியிருப்பர். மற்றொன்று அறிவால் நேர்ந்தது. பொருள் விளங்காத ஒரு சொல்லைக் கண்டவிடத்து, "இது முன்னெழுதினோன் பிழை" எனத் துணிந்து, தமக்கு விளங்கிய ஒரு சொல்லை அவ்விடத்தில் இட்டுச் சென்றவர் பலர். முதல் வகைப் பிழையைப் பிற்காலத்துப் பதிப்பாசிரியர் எளிதில் கண்டுகொள்வர். செய்யுள் அங்கே சிதைந்து நிற்கும். இரண்டாம் வகையைக் கண்டுகொள்வது அரிது. ஓசை கெடாது, தளை தட்டாது, பொருளும் ஒருவாறு ஓடும். மூலம் மட்டும் போயிருக்கும். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாட வேறுபாடுகளைக் குறித்துவைத்ததன் அருமையை உணர வேண்டுமானால், இந்த இரண்டாம் வகைப் பிழையை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஈண்டுச் சொல்லப்புகுவது ஓலைச்சுவடியின் வரலாறு அன்று. கணினி நிரல் ஒன்றிலிருந்து இரண்டு வரிகள் நீக்கப்பட்ட வரலாறு. 2006-ஆம் ஆண்டில் நடந்தது. 2008-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நீக்கியவர் தீயவர் அல்லர், சோம்பரும் அல்லர். பிழை திருத்தவே புகுந்தார். அத்திருத்தத்தால் உலகெங்கும் எண்ணற்ற பூட்டுகள் பெயரளவில் மட்டுமே பூட்டுகளாயின. பின்னர் அதனைச் சரிசெய்யப் புகுந்தபோது, சரிசெய்ததே மற்றோர் உடைப்பாக முடிந்தது. இதில் தமிழாசிரியர்க்கு என்ன என்று கேட்கலாம். சிவப்பு மையைக் கையில் வைத்துக்கொண்டே வாழ்நாளைக் கழிப்பவர் நாம். அந்தத் தொழிலின் இடரை வேறொரு துறையில் இத்துணைத் துலக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை நான் படித்ததில்லை.

முதற்கண் ஒரு சொல். நிரல் எழுதுவோர் 'நூலகம்' என்று ஒன்றைக் குறிப்பர். அது நாம் அறிந்த நூலகம் அன்று. பல நிரல்களுக்கும் பொதுவாக வேண்டப்படும் வேலைகளை ஒருமுறை செம்மையாக எழுதி வைத்துவிட்டு, மற்றவரெல்லாம் எடுத்துப் பயன்படுத்திக் கொள்ளும்படி விட்ட தொகுதியே நூலகம் எனப்படும். லயத்து வீடுகள் பலவற்றுக்கும் மேட்டின்மேல் ஒரே தண்ணீர்த் தொட்டி இருந்த காலம் நம்மில் மூத்தோர்க்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே கிணறு தோண்டுவதில்லை. தொட்டியைச் செப்பனிடுவோன் ஒரு குழாயைத் திருகினால் முப்பது வீட்டுத் தண்ணீரிலும் அது தெரியும். சில வேளைகளில் தெரியாமலும் போகும். நம் கதை அத்தகையது.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்பது அத்தகைய நூலகங்களுள் ஒன்று. ஆஸ்திரேலியாவில் எரிக் யங், டிம் ஹட்சன் என்னும் இருவர் 1995 அளவில் தொடங்கிய ஒரு பணி, 1998-ஆம் ஆண்டின் இறுதியில் இப்பெயருடன் வேறு பலர் கைக்கு வந்து வளர்ந்தது. கணினிகள் ஒன்றோடொன்று பேசும்போது, இடையிலிருப்போர் ஒட்டுக்கேளாதபடி காப்பது அதன் தொழில். அக்காலத்திலேயே இணையத்தின் சேவைக் கணினிகளில் பெரும்பகுதி அதனையே நம்பியிருந்தது.

காப்பதற்கு வேண்டுவது திறவுகோல். இங்குத் திறவுகோல் என்பது மிகப் பெரிய எண். பிறர் ஊகித்துவிட முடியாத எண்ணாக அஃது இருத்தல் வேண்டும். இங்கேதான் ஓர் இடர்ப்பாடு. கணினி சொன்னதைச் சொன்னபடி செய்யும் பொறி. மனம்போன போக்கில் ஓர் எண்ணைச் சொல் என்றால் அதற்குச் சொல்லத் தெரியாது. ஆகவே வெளியுலகின் ஒழுங்கின்மையைச் சிறிது சிறிதாகத் திரட்டிக்கொள்ளும். விசைகள் தட்டப்படும் நேரங்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய வேறுபாடு, வட்டு சுழன்று விடையளிக்க எடுத்துக்கொண்ட நேரம் என்பன போன்றவற்றை இயங்குதளம் சேர்த்துவைத்திருக்கும். நூலகம் அதிலிருந்து வாங்கித் தன்னுடைய கலயம் ஒன்றில் இட்டுக் கலக்கும். கலயத்திலிருந்து அள்ளுவனவே தற்போக்கு எண்கள். அவற்றைக் கொண்டே திறவுகோல் செய்யப்படும். ஓப்பன் எஸ்.எஸ்.எல். தன் கலயத்தில் 256 இரும இலக்க அளவிற்கு ஒழுங்கின்மை இருக்கவேண்டும் என்று வகுத்திருந்தது. அதாவது, ஊகிக்கப் புகுவோன் 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணிக்கையளவு வழிகளைத் தேடிப் பார்க்க நேரிடும். அது மனிதர்க்கோ பொறிக்கோ முடியும் செயலன்று.

இனி அந்த இரண்டு வரிகளைப் பார்ப்போம். இரண்டும் ஒரே கோப்பில் இருந்தன; எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. "இவ்விடத்திலுள்ளதை எடுத்துக் கலவையில் சேர்" என்பதே இரண்டிற்கும் பொருள். ஆனால் அவை நின்ற இடங்கள் வேறு. முதல் வரி, வெளியிலிருந்து கொண்டுவந்ததைக் கலயத்தில் ஊற்றும் பகுதியில் நின்றது. அந்த ஊற்றுதலே அவ்வரிதான். இரண்டாம் வரி, கலயத்திலிருந்து எண்களை வாங்கவருவோர்க்கு அள்ளிக் கொடுக்கும் பகுதியில் நின்றது. வாங்க வருவோன் ஒரு கிண்ணம் ஏந்தி வருகிறான். அதில் முன்பு இருந்ததன் எச்சம் ஏதேனும் ஒட்டியிருக்கலாம். அதுவும் ஒருவகை ஒழுங்கின்மைதானே, அதையும் கலயத்தில் தட்டிவிட்டுப் பிறகு கிண்ணத்தை நிரப்புவோம் என்பது அவ்வரியின் கருத்து. கிடைத்தால் நன்மை, கிடைக்காவிட்டால் நட்டமில்லை. சொல் ஒன்றாயினும் இடம் நோக்கிப் பொருள் வேறுபடும் என்பதை இலக்கணம் பயின்றார்க்கு விளக்க வேண்டுவதில்லை. இங்கு ஒரு வரி உயிர், மற்றொன்று ஒப்பனை.

இவ்வேறுபாட்டை நிரலில் எவரும் எழுதிவைக்கவில்லை. ஒரேயொரு சிறு குறிப்பு மட்டும் இருந்தது. பியூரிஃபை என்னும் சோதனைக் கருவியைக் கொண்டு ஆராயும்போது இரண்டாம் வரியை விட்டுவிடுக என்னும் கட்டளை அவ்வரியைச் சூழ்ந்திருந்தது. முதல் வரிக்கு அத்தகைய கட்டளை இல்லை. உற்று நோக்குவார்க்கு அதுவே போதிய சான்று. ஆயின் விரைந்து நோக்குவார்க்கு அது கண்ணிற் படாது.

வால்கிரின்ட் என்பது நிரல்களின் பிழைகளைத் தேடும் மற்றொரு கருவி. மதிப்பு எதுவும் இடப்படாத நினைவிடத்தை ஒரு நிரல் படிக்குமானால் அது உடனே கூவும். பொதுவாக அக்கூவல் முற்றிலும் நேரியதே. கழுவாத கிண்ணத்தில் சோறிடுவது எந்தச் சமையற்கட்டிலும் பிழைதான். ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தைத் தம் நிரலில் சேர்த்துக்கொண்டவர் எவரும், தம் பிழையைத் தேடப்புகும்போது, தம்முடையதல்லாத எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிவதைக் கண்டனர். தேடிய பிழை அக்குவியலில் மறைந்துபோயிற்று. ஆராய்ந்து சென்றால் எச்சரிக்கை எல்லாம் அந்த இரண்டு வரிகளையே சுட்டின.

டெபியன் என்பது 1993-ஆம் ஆண்டில் இயான் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் தொகுப்பு. தன்னார்வலர் பலர் ஆளுக்குச் சில மென்பொருள்களைப் பொறுப்பேற்று, மூலத்தைப் பெற்று, செப்பனிட்டு, மக்களுக்கு வழங்குவர். ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தின் பொறுப்பிலிருந்தவர்க்கு இந்த எச்சரிக்கைகளைப் பற்றிய முறையீடு வந்தது. 2006-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், நூலகத்தை ஆக்குவோரின் மின்னஞ்சல் குழுவிற்கு அவர் எழுதிக் கேட்டார். இரண்டு வரிகளையும் எடுத்துக்காட்டினார். இவற்றை நீக்கிவிடுவதே நல்ல வழியாகத் தமக்குத் தோன்றுவதாகவும், ஆனால் அதனால் தற்போக்கு எண்களுக்கு என்ன நேரும் என்று தமக்குத் தெரியாது என்றும் ஒளிவுமறைவின்றி எழுதினார். நூலகக் குழுவைச் சேர்ந்த ஒருவர் விடையளித்தார். பிழை தேடுவதற்கு உதவுமாயின் நீக்குவதை ஆதரிப்பதாக அவ்விடையின் பொருள் இருந்தது.

இந்தக் கேள்வியையும் விடையையும் நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியன் நடைவழியில் போய்க்கொண்டிருக்கும்போது ஓர் ஆசிரியர் எதிர்ப்பட்டு, "ஐயா, இதை இப்படி மாற்றிவிடலாமா?" என்பார். மனம் வேறெங்கோ இருக்கும். "செய்யுங்கள், செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவோம். கேட்டவர் ஆணை பெற்றதாக எண்ணிக்கொள்வார். சொன்னவருக்குச் சொன்னதே நினைவிராது. கேட்டவர் கேட்டது நிலையாக நீக்குவதைப் பற்றி. விடையளித்தவர் எண்ணியது பிழை தேடும் நேரத்தில் மட்டும் நீக்குவதைப் பற்றி. இருவர் எழுதிய சொற்களும் பொருந்தி நின்றன. கருத்துகள் ஒன்றையொன்று தொடாமலே கடந்து சென்றன.

2006 செப்டம்பரில் வெளிவந்த டெபியன் பதிப்பில் இரண்டு வரிகளும் இல்லை. எச்சரிக்கைகள் ஓய்ந்தன. முறையிட்டோர் மகிழ்ந்திருப்பர். 2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0 இந்நூலகத்தைக் கொண்டே வெளிவந்தது. டெபியனை அடியாகக் கொண்ட உபுண்டுவும் அதனையே பெற்றுக்கொண்டது.

கலயத்தில் ஊற்றும் வழி அடைபட்டது என்றோம். அப்படியானால் கலயத்தில் எஞ்சியது யாது? ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் இடும் வரிசை எண் ஒன்று உண்டு. வேறொரு வரி அந்த எண்ணையும் கலவையில் சேர்த்துவந்தது. மாறக்கூடியதாக எஞ்சியது அஃது ஒன்றே. அக்காலத்து லினக்ஸில் அந்த எண்ணின் வழக்கமான உச்சவரம்பு 32,768 ஆக இருந்தது. ஆகவே, ஒரே வகைக் கணினியில், ஒரே அளவில் செய்யப்படும் திறவுகோல்கள், எத்தனை இலட்சம் பேர் செய்தாலும், முப்பத்தீராயிரத்துச் சொச்சத்துள் ஒன்றாகவே அமைந்தன. 78 இலக்க எண்ணிக்கை எங்கே, 5 இலக்க எண்ணிக்கை எங்கே! ஊர்முழுதும் புதுப்பூட்டு வாங்கிப் பூட்டிக்கொண்டு உறங்குகிறது; கடைக்காரனோ ஒரு கூடைச் சாவியையே திரும்பத் திரும்ப விற்றுக்கொண்டிருக்கிறான்.

இருபது மாதங்கள் இதை எவரும் அறிந்ததாக வெளிப்படவில்லை. அறியாமைக்குக் காரணம் உண்டு. பூட்டு பூட்டிற்று, சாவி திறந்தது. திறவுகோலாக அமைந்த எண்ணைக் கண்ணால் பார்த்தால், அது நல்ல திறவுகோலைப் போலவே ஒழுங்கின்றித் தோன்றிற்று. ஒரு திறவுகோலைத் தனியே வைத்துக்கொண்டு ஆயிரம் சோதனை செய்தாலும் குறை புலப்படாது. பலவற்றை ஒருங்கு வைத்துப் பார்த்தால்தான் புலப்படும். தளை தட்டாத பாடபேதம் என்று தொடக்கத்தில் குறித்தது இதனையே. பழைய நிலையில் எச்சரிக்கைகள் குவிந்தன, காவல் உறுதியாயிருந்தது. புதிய நிலையில் எச்சரிக்கை ஒன்றும் இல்லை, காவலும் இல்லை. நல்ல நிலை இரைச்சலிட்டது; கெட்ட நிலை அமைதி காத்தது. சோதனைக் கருவி எதுவும் இதைக் கண்டு சொல்லாமைக்கு இதனினும் வேறு காரணம் வேண்டா.

லூசியானோ பெல்லோ என்னும் டெபியன் ஆக்குநர் இக்குறையைக் கண்டறிந்தார். 2008-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் டெபியன் வெளிப்படையாக அறிவித்தது. நீக்கப்பட்ட வரியை மீண்டும் இட்ட புதிய பதிப்பும் உடன் வந்தது. நிரலளவில் அந்தத் திருத்தம் மிகச் சிறிது.

ஆனால் உண்மையான உடைப்பு அன்றுதான் தொடங்கிற்று. வரியை மீட்டுவைத்தால், இனிச் செய்யும் திறவுகோல்கள் நல்லவையாகும். ஏற்கெனவே செய்தவை? அவை பல்வேறு கணினிகளில், வங்கிகளில், பல்கலைக்கழகங்களில், தனியார் மேசைகளில் பரவிக் கிடந்தன. டெபியன் கணினியில் செய்த திறவுகோலை எடுத்துச் சென்று வேறு எந்த இயங்குதளத்தில் பதித்திருந்தாலும், அந்த வேற்றுக் கணினியும் திறந்துகிடந்த வீடாயிற்று. அக்கணினியின் நிரலில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் அதுவே நிலைமை. நூலகத்தைப் புதுப்பிப்பது அதற்கு மருந்தாகாது. பரவிய திறவுகோல்கள் ஒவ்வொன்றையும் தேடி அழித்துப் புதிது செய்தாக வேண்டும்.

இதனினும் கொடிய ஒன்று உண்டு. டி.எஸ்.ஏ. என்னும் வகைக் கையொப்பத்தில், ஒவ்வொரு முறை ஒப்பமிடும்போதும் புதிய தற்போக்கு எண் ஒன்று வேண்டும். அந்த எண்ணைப் பிறர் ஊகித்துவிட்டால், ஒப்பத்திலிருந்து மறைத் திறவுகோலையே கணக்கிட்டு எடுத்துவிடலாம். ஆகவே வேறிடத்தில் செம்மையாகச் செய்யப்பட்ட டி.எஸ்.ஏ. திறவுகோலாயினும், குறைபட்ட கணினியில் ஒருமுறை ஒப்பமிடப் பயன்பட்டிருந்தால் அதுவும் கெட்டது எனக் கொள்ளும்படி டெபியன் அறிவுறுத்திற்று. நல்ல பாலும் அந்தக் கிண்ணத்தில் ஊற்றியவுடன் திரிந்தது.

எச். டி. மூர் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் சில நாட்களுக்குள் வழக்கமான அளவுகளிலான திறவுகோல்கள் அனைத்தையும் கணக்கிட்டு வெளியிட்டுவிட்டார். கூடைச் சாவி முழுதும் சந்தைக்கு வந்தாயிற்று. இனிப் பொறுத்திருக்க இடமில்லை. டெபியன், கெட்ட திறவுகோல்களின் தடைப்பட்டியல் ஒன்றைத் தொகுத்து, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் மென்பொருளோடு இணைத்தது. புதுப்பித்த கணினி, பட்டியலிலுள்ள திறவுகோலைக் கொண்டு வருவோரை உள்ளே விட மறுத்தது. நேற்றுவரை வேலை செய்த சாவி இன்று வேலை செய்யவில்லை. வெளியூரிலிருந்தே கணினியை நிருவகித்துவந்தோர், புதுப்பித்த கையோடு தம் வீட்டு வாயிலிலேயே நின்றனர். மாற்றுவழி வைத்திராதவர் கணினி இருக்குமிடத்திற்குப் பயணப்பட வேண்டியதாயிற்று.

மற்றொரு விளைவும் நேர்ந்தது. சேவைக் கணினி தன் அடையாளத் திறவுகோலை மாற்றிக்கொண்டால், அதனோடு தொடர்புகொள்ளவரும் பயனருக்குப் பெரிய எச்சரிக்கை ஒன்று தோன்றும்: கணினியின் அடையாளம் மாறியிருக்கிறது, இடையில் பகைவன் இருத்தல் கூடும் என்று. காவலுக்கு ஆணிவேர் அந்த எச்சரிக்கையே. 2008 மே மாதத்தில் ஆயிரக்கணக்கான சேவைக் கணினிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் அடையாளம் மாற்றின. "அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதீர்கள், புதிய அடையாளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று நிருவாகிகள் தம் மக்களுக்குச் சொல்ல நேர்ந்தது. வேறு வழி இல்லை. ஒன்றை அடைக்க மற்றொன்றைத் திறந்துவைத்தனர்.

மக்கள் எவ்வளவு விரைவில் திருத்திக்கொண்டனர்? இதனை அளந்து 2009-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இணையத்தின் 50,000-க்கு மேற்பட்ட சேவைக் கணினிகளை ஆய்வாளர் நாள்தோறும் தட்டிப் பார்த்தனர். அவற்றுள் 751 கணினிகள் குறைபட்ட சான்றிதழ்களைக் காட்டின. அறிவிப்பு வெளிவந்த நான்காம் நாள் குறைபட்டிருந்தவற்றுள் 30 விழுக்காடு, ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழிந்தும் அவ்வாறே இருந்தன. வேறு குறைபாடுகளில் முதல் சில கிழமைகளில் பலரும் விரைந்து திருத்திக்கொள்வர், பிறகு தேக்கமுறும். இதிலோ தொடக்கம் முதலே மந்தம். சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் குறைபட்ட திறவுகோல்களுக்கு நெடுநாள் வரை சான்றிதழ் வழங்கிக்கொண்டிருந்தன என்பதையும் அவ்வாய்வு எடுத்துக்காட்டிற்று. மென்பொருளைப் புதுப்பிக்க ஒரு கட்டளை போதும். திறவுகோலை மாற்ற ஒரு மனிதன் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அம்மந்தத்திற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

பழி யாரைச் சாரும் என்னும் வழக்கு அந்த மே மாதத்திலேயே தொடங்கிவிட்டது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். குழுவைச் சேர்ந்த பென் லாரி கடுமையாக எழுதினார். மூலத்தை ஆக்கியோரிடம் திருத்தத்தை ஒப்படைக்காமல், இடையில் வழங்குவோர் தாமே திருத்திக்கொள்வதுதான் கேட்டிற்குக் காரணம் என்பது அவர் கட்சி. கேள்வி கேட்கப்பட்ட மின்னஞ்சல் குழு தம் குழுவினர் எல்லாரும் படிக்கும் இடமன்று என்றும் கூறினார். மற்றொரு சாரார், கேட்டதற்குச் சான்று இருக்கிறது, விடைக்கும் சான்று இருக்கிறது, குழுவின் பெயரே ஆக்குநரைக் குறிக்கிறது, வேறெங்குப் போய்க் கேட்பது என்றனர். இரு பக்கத்திலும் உண்மை உண்டு. ஆயினும் என் தராசு சற்றே ஒரு பக்கம் சாய்கிறது. "எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கேட்ட மனிதரை நான் குறைசொல்லத் துணியேன். அவ்வாறு எழுதுவோர் எத்துறையிலும் மிகச் சிலரே. உயிர்நிலையான ஒரு வரியை ஒரு சொல் விளக்கமும் இன்றி, ஒப்பனை வரி ஒன்றன் மறுபடி போலவே எழுதிப் பல ஆண்டுகள் விட்டுவைத்தது பெரிய பிழை. உரை இல்லாத மூலத்தைத் திருத்தினான் என்று படியெடுத்தவனை மட்டும் நோவது நேர்மையாகாது.

எல்லாத் திருத்தங்களும் இவ்வளவு தீங்காக முடிவதில்லை என்பதற்கு மற்றொரு நூலகத்தின் நிகழ்ச்சியைச் சுருங்கச் சொல்லலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் அடித்தளமான சி நூலகத்தில், நினைவகத்தின் ஓரிடத்திலுள்ளதை மற்றோரிடத்திற்குப் படியெடுக்கும் வினை ஒன்று உண்டு. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியலாகாது என்பது எழுதப்பட்ட விதி. நெடுங்காலம் அது முன்னிருந்து பின்னாகப் படியெடுத்தமையால், விதியை மீறியோரும் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தனர். 2010-இல் சில செயலிகளில் விரைவு வேண்டிப் பின்னிருந்து முன்னாகப் படியெடுக்கும்படி மாற்றினர். விதிப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவ்வாண்டு நவம்பரில் வெளியான ஃபெடோரா 14-இல் ஃபிளாஷ் என்னும் மென்பொருளின் வழியே பாட்டுக் கேட்டோர்க்கு ஒலி கரகரத்தது. விதியை மீறியது ஃபிளாஷ்தான். அதனைச் செய்தவரே திருத்திக்கொள்ளட்டும் என்றனர் ஒரு சாரார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. பயனருக்கு வேண்டுவது வேலை செய்யும் கணினி. குற்றம் யாருடையது என்னும் தீர்ப்பு அன்று என்பது அவர் வாதம். 2011-இல் வந்த 2.14 பதிப்பில் நடுவழி கண்டனர். பழைய நிரல்கள் அழைத்தால் பழைய நடையும், புதிதாகக் கட்டப்படும் நிரல்கள் அழைத்தால் புதிய நடையும் கிடைக்கும்படி, ஒரே பெயருக்கு இரண்டு வாயில் வைத்தனர். டெபியன் வழக்கில் இவ்வழி இல்லை. கெட்ட சாவிக்கென்று தனி வாயில் வைத்தால் திருடனும் அவ்வழியே வருவான்.

நம் எழுத்திலேயும் இத்தகைய ஒன்று நேர்ந்ததுண்டு. ஒருங்குறியில் 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தை முன்பு 'ஸ்' என்னும் எழுத்தை அடியாக வைத்தே எழுதிவந்தனர். வடமொழி ஒலிப்படி அது சரியன்று. 2005-இல் வந்த 4.1 பதிப்பில் 'ஶ' என்னும் எழுத்துத் தனியே சேர்க்கப்பட்டதும், அதனை அடியாகக் கொள்வதே முறை எனப்பட்டது. திருத்தம் சரியானதே. ஆனால் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு 'ஸ்ரீ' கணினிக்குள் உலவத் தொடங்கின. பெயர்ப்பட்டியலில் ஒரு மாணவியின் பெயரைத் தேடி, இல்லை என்று விடை வந்து, பிறகு அதே பெயர் பட்டியலின் நடுவில் நம்மைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு நான் திகைத்ததுண்டு. இதற்கு மாறாக, ஆய்த எழுத்திற்கு ஒருங்குறியில் இட்ட பெயர் 'விசர்க்கம்' என்பது. இலக்கணம் அறிந்த எவரும் ஏற்காத பெயர். ஆயினும் அதனை மாற்றார். ஒருமுறை இட்ட பெயரை எஞ்ஞான்றும் மாற்றுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. பக்கத்தில் 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதியிருக்கின்றனர். இது தமிழாசிரியனாகிய எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மேற்சொன்ன வரலாற்றைப் படித்த பிறகு, முன்போல் சினம் வருவதில்லை.

டெபியன் நிகழ்ச்சிக்குப் பின் ஓப்பன் எஸ்.எஸ்.எல். மூலத்தில் அந்த முதல் வரிக்கு மேலே ஓர் உரைக்குறிப்பு இடம்பெற்றது. அடுத்து வரும் வரியை நீக்கற்க என்றும், சோதனைக் கருவிகள் இதனைக் குறித்துக் கூவும் என்பதை அறிவோம் என்றும், நீக்கினால் காவலற்ற திறவுகோல்களே கிடைக்கும் என்றும் அது பெரிய எழுத்தில் தொடங்கிச் சொல்லிற்று. 2018 செப்டம்பரில் வந்த 1.1.1 பதிப்பில் தற்போக்கு எண் பகுதி முழுவதும் புதிதாக எழுதப்பட்டு, அந்தக் கோப்பே நீங்கியது.

ஆனால் திறவுகோல்கள் அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. 2015-ஆம் ஆண்டில், நிரலாளர் பலர் தம் பணிகளைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் பதிந்திருந்த பொதுத் திறவுகோல்களை ஒருவர் திரட்டி, தடைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அறிவிப்பு வந்து ஏழாண்டுகள் கழிந்த பின்னும், அந்தக் கூடைச் சாவிகள் சில அங்கே வழக்கிலிருந்தன. அவர் தெரிவித்த பிறகு கிட்ஹப் அவற்றை நீக்கிற்று.